பதிலுக்கு ஒரு நிமிடம்

"அரசுப் பள்ளியை விட்டுக்கொடுக்கக் கூடாதுன்னு ஊர் ஊராப் போய்ப் பேசுறீங்களே, மிஸஸ் டீட்ஸ்... உங்க மகள் லேசி இப்ப எங்க படிக்கிறா?"

ஜோலீன் குசெரா இப்படிக் கேட்டதும் பள்ளியின் விளையாட்டுக்கூடம் அடங்கிப்போயிற்று. அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலக் கல்வி வாரியத்தின் ஓர் இடத்துக்குப் போட்டியிடும் அந்த இரண்டு பெண்களின் பொது விவாதம் அது. வாக்குப்பதிவு வரும் செவ்வாய்க்கிழமை.

"தனியார் பள்ளியில" என்றார் ரோண்டா டீட்ஸ்.

"ஆமா, நாற்பது மைல் தள்ளி! நடு வருஷத்துல நம்ம பள்ளியில இருந்து கூட்டிக்கிட்டுப் போய்ச் சேர்த்தீங்க. ஊருக்கு ஒரு நியாயம், உங்க வீட்டுக்கு ஒரு நியாயமா?"

கைதட்டல் கூரையைத் தொட்டது. முன்வரிசையில், தாயின் பெயர் அச்சிட்ட பனியனை அணிந்திருந்த ஜோலீனின் மகள் ஹெய்டி மட்டும் கை தட்டவில்லை.

நடுவர் வெர்ன் மணியைத் தட்டினார். "பதில் சொல்ல ஒரு நிமிஷம் இருக்கு, ரோண்டா."

நேரம் காட்டுபவர் பச்சை அட்டையை உயர்த்தினார்.

ரோண்டா ஒலிவாங்கியைப் பிடித்தார். முன்வரிசையை ஒருமுறை பார்த்தார். பேசவில்லை.

"வாயில என்ன, இனிப்பு ரொட்டியா?" என்று பின்னாலிருந்து ஒரு குரல். சிரிப்பு.

"வெர்ன், கடிகாரம் நின்னுபோச்சா, அந்தம்மா நின்னுபோச்சா?" என்றது இன்னொரு குரல்.

மஞ்சள் அட்டை உயர்ந்தது.

"சொல்லித் தொலையேன், ரோண்டா!" என்று அவருடைய தங்கை எழுந்து நின்று கத்தினாள். ரோண்டா தலையை மட்டும் அசைத்தார்.

சிவப்பு அட்டை. நேரம் முடிந்தது.

"சொல்றதுக்கு ஒண்ணுமில்லை, வெர்ன்" என்று சொல்லிவிட்டு ரோண்டா அமர்ந்தார்.

கூட்டம் முடிந்ததும் ஜோலீனைச் சுற்றி ஆட்கள் மொய்த்தனர்.

"நேத்து வரைக்கும் என் ஓட்டு அவளுக்குத்தான். இனிமே உங்களுக்கு" என்றார் ஒரு விவசாயி.

ஜோலீனுக்குக் கால் தரையில் பாவவில்லை. மகளைத் தேடிக்கொண்டு வெளியே வந்தார். ஹெய்டி வண்டியின் முன்னிருக்கையில் சுருண்டு அமர்ந்திருந்தாள்.

ஜோலீன் வண்டியில் ஏறினார். "எதுக்குடி அழுற? அம்மா ஜெயிக்கப் போறேன்."

"லேசி பள்ளிக்கூடத்தை விட்டுப் போனது என்னாலம்மா."

"என்ன உளறுற?"

"அவளுக்குப் பேச்சு திக்கும்ல? வகுப்புல அவ வாசிக்கிறதைப் படம் பிடிச்சு எல்லார் போனுக்கும் அனுப்பினேன். தினமும். கடைசியில அவ பள்ளிக்கு வரவே பயந்துட்டா."

ஜோலீன் மகள் பக்கம் திரும்பினார்.

"அனுப்பினது நான்தான்னு மிஸஸ் டீட்ஸ் கண்டுபிடிச்சுட்டாங்க. பள்ளியில புகார் கொடுப்பாங்கன்னு நடுங்கிக்கிட்டிருந்தேன். அவங்க என்னைத் தனியாக் கூப்பிட்டு, 'இது சின்ன ஊரு, பேரு கெட்டா சாகிற வரைக்கும் ஒட்டிக்கும். நான் யார்கிட்டயும் உன் பேரைச் சொல்ல மாட்டேன். இனிமே யாருக்கும் இப்படிப் பண்ணாதே'ன்னாங்க. இன்னைக்கும் சொல்லலை, பார்த்தியா? நீ அவ்வளவு கேட்டும் சொல்லலைம்மா."

கூடத்தின் திறந்திருந்த கதவு வழியே உட்புறம் தெரிந்தது. அங்கே ரோண்டா நாற்காலிகளை மடித்து அடுக்கிக்கொண்டிருந்தார். உடன் யாரும் இல்லை.

"போய் உண்மையைச் சொல்லும்மா. இன்னும் எல்லாரும் வெளியிலதான் நிக்கிறாங்க."

ஜோலீன் வண்டிக் கதவைத் திறந்தார். ஒரு காலைத் தரையில் ஊன்றினார். விவசாயி தூரத்திலிருந்து தொப்பியை உயர்த்திக் காட்டினார்.

ஊன்றிய காலை ஜோலீன் உள்ளே இழுத்துக்கொண்டார். கதவைச் சாத்தினார். கண்ணாடியை மேலே ஏற்றிவிட்டு, குரலைத் தாழ்த்தி மகளிடம் கேட்டார்:

"இது வேற யாருக்காவது தெரியுமா?"