ஏழாம் பாகத்துக்கு இரண்டு டிக்கெட்

காலையில் தேத்தண்ணி குடித்துவிட்டு, மனைவி கேஷிகாவின் ஸ்வெட்டரை மடித்தான் விஜேந்திரன். அதன் பையிலிருந்து இரண்டு சினிமா டிக்கெட்டுகள் விழுந்தன. ஹட்டன் தியேட்டரில் உளவாளிப் பட வரிசையின் ஏழாம் பாகம், வெள்ளிக்கிழமைக் காட்சி. அதற்கடுத்த ஞாயிறன்று அவனோடு அதே படத்தைப் பார்த்தபோது, முதல்முறை பார்ப்பவள் போலத்தானே வில்லன் யாரென்று கேட்டாள்?

பக்கத்து வீட்டுப் பிரியந்தியிடம் டிக்கெட்டுகளை நீட்டினான். "யாரு கூட போனா?"

"என்கூடத்தாண்ணே. அன்னைக்குத்தான் ஆஸ்பத்திரியில அவளுக்குக் கேன்சர்னு சொன்னாங்க. ஒட்டி ஒட்டி இருக்குற லயத்து வீட்டுல அழுதா பத்து வீட்டுக்குக் கேக்கும்னு தியேட்டர்ல ஒக்காந்து அழுதா. படத்த எங்க பாத்தா?"

அந்த ஞாயிறன்று வீடு வரும்வரை படத்தைத் திட்டியது அவன்தான். ஆபரேஷனுக்குப் போய்த் திரும்பாத கேஷிகா கடைசியாகச் சொன்னதும் அதைப் பற்றித்தான்.

"எட்டாவது நல்லாருக்கும். பாத்துட்டு வந்து சொல்லுங்க."