ஏழாவது டேக்

புத்தூருக்கு வெளியே மாந்தோப்பில் உச்சி வெயில். ராப் பாடகன் பரணி தன் முதல் படத்தில் பிணமாகக் கிடக்கிறான். மூக்கில் பஞ்சு, மார்பில் வாடிய சாமந்தி மாலை. பறை முழங்கும்போதெல்லாம், துணியால் சேர்த்துக் கட்டிய அவன் கால் கட்டைவிரல்கள் தாமாகவே தாளம் போட்டுவிடுகின்றன. ஆறு டேக் வீண். உதவி இயக்குநர் ஷோபா மண்ணில் உட்கார்ந்து துணியை இன்னும் இறுக்கி முடிச்சுப் போடுகிறாள். “இந்த வாட்டியும் ஆடுச்சுன்னா டைரக்டர் வேற ஆளப் படுக்க வெச்சிடுவாரு, பரணி.” அவன் அம்மா வேடத்தில் அழுதழுது தொண்டை கட்டிப்போன செங்கம்மா காதருகே குனிகிறாள். “மேளத்தக் கேக்காத நைனா. வேற எதனா நெனச்சிக்கினு கெட.” அவன் கண்ணை மூடுகிறான். பறை எழுகிறது. பாதியில் முடிச்சு அவிழ்ந்து துணி நழுவுகிறது. விரல்கள் அசையவில்லை.