ஐந்து பங்கு ஆட்சேபணை

"மனு தள்ளுபடி!" என்றார் மைசூர் ஜட்ஜ்.

ஐம்பத்தேழாம் வருஷத் தேர்தலுக்குக் கட்சிக்கு நன்கொடை கொடுக்க நூல் மில் கேட்ட அனுமதி அத்தோடு போயிற்று. எதிர்த்து வாதாடியவர் அந்த மில்லில் ஐந்தே பங்கு வைத்திருந்த பராசரன்.

"பேஷ், ஸ்வாமி! மில்லையே மடக்கிட்டீங்களே!" என்று அவர் குடியிருந்த தேவராஜ மொஹல்லாவில் கடைக்காரர்கள் வழிமறித்துக் கைகுலுக்கினார்கள். பராசரன் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு வீடு வந்து சேர்ந்தார்.

"தோத்தாச்சோல்லியோ?" ஆவலாய்க் கேட்டாள் மனைவி பூமா.

"ஜெயிச்சுட்டேன்."

"அடக் கஷ்டமே! யாராவது பேருக்கு எதிர்த்தாத்தான் ஜட்ஜுக்குச் சந்தேகம் வராதுன்னுதானே மில்காராளே உங்களை எதிர்க்கச் சொன்னா? தோத்துக் குடுத்தா நம்ம பிள்ளை சக்ரபாணிக்கு அங்கே குமாஸ்தா வேலைன்னாளே!"

"பேச எழுந்ததும் அது மறந்துபோச்சு, பூமா. நான் சொன்னது எனக்கே நியாயமாப் பட்டுடுத்து."