நெஞ்சுக்கறி

மூன்றாவது கடையில்தான் துண்டு சரியாக வளைந்தது.

தங்கவேல் அதை ஆள்காட்டி விரலின் மேல் குறுக்காகப் போட்டுக் காட்டினார். இரு பக்கமும் தொங்கியது. அறுந்து விழவில்லை. நுனியைப் பிடித்து லேசாக இழுத்தார். நார் பிரிந்து வந்தது.

"பாத்தியா அம்மிணி? இதுதான் பிரிஸ்கெட். காலைல தின்னமே, அது செருப்பு."

அந்தக் குடும்பத்தோடு முதன்முறையாக வந்திருந்த அவளும் சிரித்தாள்.

காலையிலிருந்து காரில் சுற்றுகிறார்கள். ஹூஸ்டனுக்கு வெளியே, ஊருக்கு ஊர், கடைக்குக் கடை. எந்தக் கடை சிறந்தது என்று சாயங்காலத்துக்குள் முடிவாக வேண்டும். மாட்டின் நெஞ்சுக்கறியை இரவு முழுக்க ஓக் விறகின் புகையில் வேகவிட்டு, எடை போட்டு, பழுப்புத் தாள் விரித்த தட்டில் வைத்துத் தருகிறார்கள்.

தட்டு ஒன்று. நான்கு பேரின் கையும் அதில்தான்.

முதல் கடையில் கறி காய்ந்திருந்தது. இரண்டாவது கடையில் கசந்தது. மிளகு அதிகம் என்றார் தங்கவேல். உப்புதான் என்றாள் அவர் மனைவி பூங்கோதை.

"விறகு ஈரமா இருந்திருக்கும்," என்று புதிதாக வந்தவள் சொல்லிவிட்டாள்.

மேசைக்கு அடியில் நவநீதனின் கால் அவள் காலை அழுத்தியது.

நவநீதன் பூங்கோதையின் தம்பி. இந்தப் பெண்ணைக் கட்டிக்கொள்ளப் போகிறவன். அக்கா சரி என்றால் மட்டும். அடுத்த வாரம் பூங்கோதை ஈரோட்டுக்குப் போகிறாள். அம்மாவிடம் பேசப் போவது அவள்தான். சென்னைப் பெண், நல்ல வேலை, நல்ல குணம் என்பதுவரை அக்காவிடம் சொல்லியிருக்கிறான்.

"மத்ததை நான் பேசிக்கிறேன்," என்று காலையில் காரில் ஏறுமுன் இவளிடம் சொன்னான். "நீ எதுவும் சொல்லிடாத."

மூன்றாவது கடையின் கறிக்குத் தங்கவேல் பத்துக்குப் பத்து கொடுத்தார். கருத்த மேலோட்டுக்குக் கீழே ரோஜா நிறத்தில் ஒரு கோடு. கொழுப்பு நாக்கில் கரைந்தது.

எல்லோருக்கும் பேச்சு வந்தது.

"மொதத் தடவை நான் ஆட்டுக்கறின்னு நெனச்சு முழுங்கிட்டேன்," என்றார் தங்கவேல். "என்னன்னு சொன்னப்புறம் பாத்ரூமுக்கு ஓடுனேன் பாரு!"

"நான் தலைக்கு ஊத்துனேன்," என்றாள் பூங்கோதை. "அந்தக் குளுருல. அன்னிக்கு அம்மா போன் பண்ணுனாங்க. எடுக்கவே இல்ல. போன்ல வாசம் போயிருமோன்னு."

"அதுக்கப்பறம் இவ வாரம் தவறாம திங்கறா," என்றார் தங்கவேல். "இது அமெரிக்க மாடு, மாப்ள. நம்மூரு மாடா இருந்தாத்தான் பாவம்."

"நான் கோயில் பார்க்கிங்லயே நின்னு கும்பிட்டுட்டு வந்துட்டேன், மாமா," என்றான் நவநீதன்.

பலமுறை சொன்ன கதைகள். எங்கே நிறுத்த வேண்டும், எங்கே சிரிக்க வேண்டும் என்று மூவருக்கும் தெரிந்திருந்தது. புதிதாக யார் வந்தாலும் சொல்வார்கள் போலிருக்கிறது. வந்தவரும் தன் கதையைச் சொல்லிவிட்டால் கூட்டத்தில் சேர்ந்துவிடலாம்.

"நீ சொல்லு அம்மிணி." பூங்கோதை அவள் தோளில் கை போட்டாள். "உனக்கு எப்ப?"

அவள் யோசித்தாள்.

அப்படி ஒரு நாள் அவளிடம் இல்லை. முதன்முதலாகச் சோறு தின்ற நாள் யாருக்கு நினைவிருக்கும்?

நினைவிருப்பது வேறு. வீட்டில் கறி எடுத்த மறுநாள், பள்ளிக்கூடத்துக்குத் தயிர்சோறுதான் போகும். அனுப்பும் முன் அம்மா அவள் கைகளைச் சோப்புப் போட்டுக் கழுவுவாள். முகர்ந்து பார்ப்பாள். மறுபடி கழுவுவாள்.

"எங்கூடத்தான் அக்கா," என்றான் நவநீதன். "போன வருஷம். ஒரு வாய் வெச்சா. அவ்வளவுதான், வாந்தி. அப்பறம் ஒரு வாரம் எங்கிட்டப் பேசவே இல்ல."

குமட்டுவதுபோல் முகத்தை வைத்துக் காட்டினான். தங்கவேல் மேசையைத் தட்டிச் சிரித்தார்.

"ஐயோ, பாவம் புள்ள," என்று பூங்கோதை அவளை இழுத்து அணைத்துக்கொண்டாள்.

நவநீதன் எங்குமே தடுமாறவில்லை. முன்பே யோசித்து வைத்திருக்கிறான்.

அவள் சிரித்தால் போதும்.

"இல்லங்க," என்றாள். "எனக்கு மொதத் தடவைன்னு ஒண்ணு கெடையாது. எங்க வீட்ல ஞாயித்துக்கிழமைன்னா அதான்."

அவளே கொஞ்சம் சிரித்தாள்.

கல்லாப் பக்கம் யாருடைய பெயரையோ கூப்பிட்டார்கள். யாரோ எழுந்து போனார்கள்.

பூங்கோதையின் கை அவள் தோளிலிருந்து இறங்கியது. காகிதக் கைக்குட்டையை எடுத்தது. விரல் விரலாகத் துடைத்தது.

தங்கவேல் கையிலிருந்த துண்டை வாயில் போடவில்லை. தட்டிலும் வைக்கவில்லை. தன் முன்னாலிருந்த ரொட்டியின் மேல் வைத்தார்.

"அப்ப, உங்களுக்குப் பழக்கந்தான்," என்றார்.

பூங்கோதை தட்டை ஒரு விரலால் அவள் பக்கம் தள்ளினாள். பாதிக்கு மேல் மிச்சமிருந்தது.

"நீங்க சாப்பிடுங்க. எங்களுக்கு வயிறு நெறஞ்சு போச்சு."

பார்க்க இன்னும் இரண்டு கடைகள் இருந்தன. யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை.

அவள் நவநீதனைப் பார்த்தாள். அவனுக்குப் பசி அடங்கவில்லை என்று அவளுக்குத் தெரியும்.

அவன் கை தட்டை நோக்கி வந்தது.

அக்கா பார்த்துக்கொண்டிருந்தாள்.

கை பாதியில் திரும்பித் தண்ணீர்க் கோப்பைக்குப் போனது. கோப்பை காலி.

அவன் அதை எடுத்துக் குடித்தான்.