தினம் ஒரு வரி

"எழுத்து கீபோர்டுலேருந்து வருதா, உன் டிரைவர்லேருந்து வருதான்னு கெர்னலுக்குத் தெரியணும்மா. ஒரு அடையாளம் சேர்த்துடு," என்றார் மென்பொருள் அலுவலகத்தில் அவளுடைய டீம் லீட்.

கணினியின் மைய நிரலான கெர்னலுக்கு வெளியே ஓடும் டிரைவரும், அதாவது ஒரு கருவியை இயக்கும் நிரலும், கீபோர்டு போலவே எழுத்து அனுப்ப அவள் ஒரு வழி செய்திருந்தாள். ஊரில் படுத்த படுக்கையாகக் கிடக்கும் கணவனுக்காகத் தொடங்கிய வேலை அது. அவன் கண் சிமிட்டினால் ஒரு கண் கருவி அதை எழுத்தாக்கும். தினமும் மதியம் அவனிடமிருந்து ஒரு வரி வரும். அதை நம்பித்தான் அவள் இங்கே வெளியூரில் நாளைத் தள்ளிக்கொண்டிருந்தாள்.

அடையாளம் சேர்த்து, ஊரில் அவன் பக்கத்திலிருக்கும் கணினியிலும் இங்கிருந்தே ஏற்றினாள். மதியம் வரி வந்தது.

"இன்னிக்குக் கொஞ்சம் தேவலாம்."

கூடவே அடையாளமும் வந்தது: கீபோர்டு.

பதறிப்போய்க் கண் கருவியின் பழைய பதிவுகளைப் புரட்டினாள். நாலு வாரமாக அது ஓர் எழுத்துகூட அனுப்பவில்லை.

மாமியாருக்கு போன் போட்டாள்.

"அத்தை, அவர் கண்ணு..."

"அசையலம்மா. டாக்டரும் கையை விரிச்சிட்டார். நீ தனியா இருக்கியே, ஒடிஞ்சு போயிடுவியோன்னு நான்தான் தட்டி அனுப்பினேன்."



"எனக்கு நீங்க எழுதினீங்க அத்தை. உங்களுக்கு யாரு எழுதினா?"