சட்டை உரித்த நண்டு

வீட்டிலுள்ள கடல்நீர்த் தொட்டிக்கு மருந்துபோல உப்பை அளந்து கரைக்கும் என் கணவருக்கு, என் சமையலில் உப்பு இல்லாதது மட்டும் நாக்குக்குத் தெரியாது. அன்று காலை தொட்டியில், காலிச் சங்குக்குள் குடியிருக்கும் துறவி நண்டு, சங்கை விட்டு வெளியே வந்து அசையாமல் கிடந்தது.

"ஏங்க, உங்க நண்டு செத்துப்போச்சு!"

"எடுத்து மோந்து பாரு. நாத்தம் அடிச்சா செத்துடுச்சு. இல்லன்னா சட்டைதான் உரிச்சிருக்கு."

நாற்றம் இல்லை. என் கையில் இருந்தது காலும் கண்ணும் அப்படியே இருந்த வெறும் கூடு. நண்டு பவளப் பாறைக்கு அடியில் பதுங்கியிருந்தது.

"அதைத் தொடாத. உடம்பு பிஞ்சா இருக்கும், வெளிச்சமே ஆகாது. அதான் சில நாளா சாப்பாட்ட விட்டிருந்துச்சு," என்றார்.

அவரும்தான் சில நாளாகச் சாப்பிடவில்லை. அன்றும் தட்டைத் தள்ளிவிட்டுப் படுக்கப் போனார்.

மதியம் எழுப்பப் போனேன். திரை மூடிய அறையில், கட்டிலில் மல்லாந்து கிடந்தார். தொட்டால் சில்லென்றிருந்தது. மூச்சு இல்லை. கத்தவேண்டிய நான், ஏனோ குனிந்து முகர்ந்து பார்த்தேன்.

நாற்றம் இல்லை.

தோளைப் பிடித்துத் தூக்கினேன். தலையணையைவிட லேசாக இருந்தார். விளக்கைப் போடக் கை நீட்டினேன்.

"போடாத," என்றது கட்டிலுக்கு அடியிலிருந்து அவர் குரல். "வெளிச்சம் ஆகாது."