கிணறு வற்றட்டும்

"ஏனுங்க, கெணறு இன்னும் வத்தலீங்களா?"

போனில் கிளமென்ட் சிரித்தான். ஓமன் பாலைவனத்தில் எண்ணெய்க் கிணற்று வேலை அவனுக்கு. கிணறு தீர்ந்தால் எல்லோரையும் ஊருக்கு அனுப்பிவிடுவார்கள்.

"வத்துன மாதிரிதான் அம்மணி. ஆனா கம்பெனி உடமாட்டேங்குது. பூமிக்குள்ள கேஸை அழுத்தி உட்டு, அடியில ஒட்டிட்டிருக்கற எண்ணெயைத் தள்ளி எடுக்கப் போறாங்களாம். அதுக்கான மெஷினுக்குச் சாமான் வரணும்."

"வராமயே போகட்டுங்க."

கரோலின் போனை வைத்தாள். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் எல்லோரும் மழைக்காக ஜெபிக்கும்போது, எங்கோ ஒரு கிணறு வற்ற வேண்டும் என்று ஜெபிப்பவள் அவள் ஒருத்திதான். வீட்டுக் கட்டிலில் அவன் படுக்கும் பக்கத்தில் மடித்த துணிகளை அடுக்கி வைத்திருந்தாள். அந்த இடத்தை வெறுமையாகப் பார்க்க முடியவில்லை.

மதிய இடைவேளை முடிந்தது. கணபதி பகுதியில் மெஷின் பாகங்கள் செய்யும் ஒரு பட்டறையில் அவளுக்குச் செக்கிங் வேலை. வட்டமான இரும்புத் தகட்டை விரலால் தடவிப் பார்ப்பாள். கீறல் இல்லையென்றால் நீல மார்க்கரில் சின்னதாக ஒரு சிலுவை. கிளமென்டுக்கு அனுப்பும் ஊறுகாய் பாட்டில் மூடியில் போடுகிற அதே சிலுவை.

"டிக் போடுங்கக்கா. இதைப் பாக்கறவன் ரிஜெக்ட்டுன்னு தூக்கி எறிஞ்சுபோடுவான்" என்றான் பேக்கிங் பார்க்கும் சிக்கந்தர்.

"என்ற கைக்கு டிக்கு வராது கண்ணு. கர்த்தர் பேரைச் சொல்லி உடறேன். போற எடத்துல நல்லா ஓடட்டும்."

மழைக்காலம் முடிவதற்குள் கிளமென்டின் போன் வந்தது.

"கரோ... கெணறு பொழச்சுக்கிச்சு. கேஸ் உள்ள போகப் போக எண்ணெய் மேல வருது. இன்னும் பத்து வருசம் ஓடுமாம்."

அவள் துணி அடுக்கின்மேல் கையை வைத்தபடி உட்கார்ந்தாள்.

"அப்ப அந்தச் சாமான் வந்துருச்சுங்களா?"

"வந்துச்சு. பெட்டியத் தொறந்து பாத்துப்போட்டு, எல்லாம் ரிஜெக்ட்டு, திருப்பி அனுப்புங்கன்னாங்க. நான் வாயத் தொறக்காம இருந்திருந்தா இந்நேரம் ஊட்டுல இருந்திருப்பேன்."

"ஏனுங்க தொறந்தீங்க?"



"தகட்டுக்குத் தகடு நீல மையில உன்ற சிலுவை. அதை எப்பிடி அம்மணி ஆகாததுன்னு சொல்ல உடுவேன்?"